அரைப் பக்கத்துக்கு வெட்டியது

என் அக்காவின் கணவர் முப்பத்தோரு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எங்கள் ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். நானும் வாங்கினேன். மூன்றாம் நாளே நடுவழியில் இறங்கி, இனிமேல் நடந்தே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்து மிதித்து, பஸ்ஸில் போகும்போதுகூட அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். டிரைவருக்கு ஏன் தொந்தரவு கொடுக்கிறீர்கள் என்று அக்கா கேலி செய்வாள். ஊருக்கு அவர் மாஸ்டர், மச்சினியான எனக்கு அத்தான்.

நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மருந்துக்கடை பில் புத்தகம், விசிட்டிங் கார்டு எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் உருவாகும். ஞாயிறுதோறும் எங்கள் கிறிஸ்தவ சபையில் கொடுக்கும் வாரத்தாளும் அப்படித்தான். அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன், சாப்பாடு கீழே. அத்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "அச்சாபீஸ்" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விபத்து. பட்டப்பகல், நல்ல ரோடு. ஓட்டியது பயிற்சிக்கு வந்த ஒரு நர்ஸ். திருப்பத்தில் சைக்கிளில் ஒருவர் குறுக்கே வந்தார். அத்தான் பிரேக்கை மிதித்தார், அரை நொடி தாமதமாக. சைக்கிள்காரர் அங்கேயே போய்விட்டார். யார் மேலும் குற்றமில்லை என்று விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அத்தான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. காரை விற்றார், முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மாதம் அந்த நாற்காலிதான். வைத்ததைச் சாப்பிட்டார், கேட்டதற்குத் தலையாட்டினார். அக்கா எனக்குத் தெரியாமல் அழுவதாக நினைத்துக்கொண்டு தினமும் குளியலறையில் அழுதாள்.

நடக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அந்த நேரம் பார்த்து, எதிர்த்த கட்டடத்தில் இருந்த பல் மருத்துவர் வேறு ஊருக்கு மாறிப் போனார். அவர் விட்டுப்போன நாய் எங்கள் கேட்டில் வந்து படுத்துக்கொண்டது. பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். எங்கள் சபையில் ஆண்கள் எல்லாரும் பிரதர்தான். ஆனால் அந்தப் பெயருக்கு ஏற்ற குணம் இதற்குத்தான் இருக்கிறது என்று நான் சொல்ல, நாய்க்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அத்தான் அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். ஒருநாள் காலை நடந்துவிட்டு வந்தவர், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தானாகவே பேசினார். "கயிறு தளர்வா இருந்தா பிரதர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்குது. இறுக்கிப் பிடிச்சா பார்க்கவே மாட்டேங்குது. கர்த்தர் நம்மளை இறுக்கிப் பிடிக்காததும் அதனாலதான் போல."

எட்டு மாதத்தில் அவர் சேர்ந்தாற்போலப் பேசிய முதல் பேச்சு அது. அக்கா கரண்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனாள். பிறகு மாடிக்கு வந்து, எப்படியாவது இதை உன் தாளில் போட்டுவிடு, அச்சில் பார்த்தால் மனுஷன் இன்னும் நாலு வார்த்தை பேசுவார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவர் காக்கா வெள்ளை என்று சொல்லியிருந்தாலும் நான் கொட்டை எழுத்தில் போட்டிருப்பேன்.

'நடையில் ஒரு பாடம்' அப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் அரைப் பக்கம். அவர் எழுதியது டிரைவிங் ஸ்கூலில் மிச்சமிருந்த பயிற்சி நோட்டுகளில். அதில் தேதி, நேரம், போன வழி, கவனித்த குறைகள் என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கும். முப்பது வருஷப் பழக்கம் விடுமா? கட்டங்களை ஒழுங்காக நிரப்பிவிட்டு, அதற்குக் கீழேதான் பாடத்தை எழுதுவார். மொத்தம் இரண்டு பக்கம் வரும். அரைப் பக்கத்துக்கு அதைச் சுருக்குவது என் வேலை. எதை வெட்டுவது? பாடத்தை வெட்ட முடியாது. அதனால் எத்தனை மணிக்கு, எந்த மரத்தடியில், எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் வெட்டுவேன். அச்சில் பார்த்துவிட்டு, நன்றாகச் சுருக்கியிருக்கிறாய் அச்சாபீஸ் என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் நடக்கும் வழி ஊருக்குப் பின்னால் இருக்கிற மலையோரப் பாதை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சரிவு. கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவு, அதைத் தாண்டினால் சிமெண்ட் பெஞ்சு போட்ட ஒரு சமதளம். அந்தச் சமதளத்துக்கு மறுபக்கத்திலிருந்து வண்டி வரும் ரோடும் உண்டு. மலையடிவாரத்தில் யாரோ வீட்டுமனை போடுவதற்காக மண்ணை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மலையிலிருந்து அத்தான் வாரம் தவறாமல் ஒரு பாடம் கொண்டுவந்தார்.

மழைக்காலம் தொடங்கியதும் பாடங்கள் இன்னும் நன்றாக வந்தன. வளைவில் இருந்த பாறையிடுக்கில், அதுவரை இல்லாத ஊற்று ஒன்று கிளம்பியது. வறண்ட இதயத்திலும் கிருபை சுரக்கும் என்று எழுதினார். மேலே இருந்த மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கின. தாழ்மை என்று எழுதினார். பாதையில் ஒரு விரிசல் விழுந்தது. பாவம் எப்போதும் மயிரிழையாகத்தான் உள்ளே நுழையும் என்று எழுதினார். படித்துவிட்டு, சபையில் இரண்டு பேர் பல வருஷச் சண்டையை விட்டுச் சமாதானமானார்கள். அது உண்மை, நான் குறை சொல்ல வரவில்லை.

எல்லாவற்றையும்விட ஓகோவென்று போனது பதினேழாம் பாடம். வளைவுக்கு வந்ததும் பிரதர் உட்கார்ந்துவிடுகிறது, இழுத்தால்தான் வருகிறது என்பதைப் பற்றியது. பைபிளில், எஜமான் கண்ணுக்குத் தெரியாத தேவதூதனைக் கண்டு வழியில் நின்ற கழுதையை நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கழுதை நின்றது தூதனைக் கண்டு, என் நாய் நிற்பது சோம்பலைக் கண்டு என்று எழுதியிருந்தார். நம் இருதயமும் அப்படித்தான், இழுக்க ஒருவர் வேண்டும் என்று முடித்திருந்தார். எழுத்தைத் தட்டும்போதே நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து ஊர்ச் சபைகளில்கூட அதை வாசித்தார்கள்.

பாடங்களைப் படித்தவர்களுக்கு அந்த இடங்களை நேரில் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஐம்பது பாடம் ஆனதும் பாஸ்டர் அறிவித்தார். வருகிற ஞாயிறு காலை எல்லாரும் மாஸ்டரோடு அந்த வழியே நடப்போம், சமதளத்தில் ஜெபம், டீ, பாடங்கள் அடங்கிய சிறுபுத்தக வெளியீடு. அத்தான் புதுச்சட்டை தைக்கக் கொடுத்தார். அவர் அளவு கொடுத்து நின்றதைப் பார்த்து அக்காவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

புத்தகத்தில் பாடத்துக்கு ஒரு முழுப் பக்கம், முந்தின நாள் இரவே எங்கள் அச்சகத்தில் அடித்துவிடலாம். இடம் தாராளமாக இருந்ததால், முன்பு வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்க்கலாமென்று சனிக்கிழமை காலை நோட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி உட்கார்ந்தேன். பாடங்களை விட்டுவிட்டு, வெட்டிய வரிகளை மட்டும் முதன்முறையாகத் தொடர்ந்து படித்தேன். வளைவில் விரிசல், அரை விரல் அகலம். அடுத்த வாரம் ஒரு விரல். ஊற்றுத் தண்ணீர் தெளிவு. ஊற்றுத் தண்ணீர் கலங்கல், சேறு வருகிறது. பெஞ்சின் ஒரு கால் மண்ணில் இறங்கியிருக்கிறது. விரிசல் மூன்று விரல். நாய் முனகுகிறது, மழை இல்லை. விரிசல் நாலு விரல், பாதையின் வெளிப்பக்கம் ஒரு படி தாழ்ந்திருக்கிறது. எல்லாம் என் அத்தானின் அழகான கையெழுத்தில், குறைகள் என்ற கட்டத்துக்குள் இருந்தன.

மலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இதைப் படிக்க மலை தெரிய வேண்டியதில்லை. வாராவாரம் ஒரு வரி வந்துகொண்டிருந்தது, வாராவாரம் நான் அதை அழித்துக்கொண்டிருந்தேன்.

கீழே போனேன். அத்தான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நோட்டை விரித்து வைத்துச் சொன்னேன். அவர் வரிசையாக எல்லாவற்றையும் படித்தார். தான் எழுதியதை யாரோ எழுதியதைப் போலப் படித்தார். பிறகு மூடி வைத்துவிட்டு, நான் தினமும் போகிற இடம், நேற்றும் போனேன் என்றார். நேற்று எத்தனை விரல் என்று கேட்டேன். ஷூவைத் திருப்பித் திருப்பித் துடைத்தார்.

"அத்தான், நாய் பயந்துதான் உட்காருதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"அப்படின்னா இந்த ஐம்பது வாரமும் கர்த்தர் எங்கிட்ட பேசலையா? வெறும் மண்ணுதானா?" என்றார். அவர் குரல் அந்த நாற்காலி நாட்களின் குரலாக இருந்தது. அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாஸ்டருக்குப் போன் செய்தேன். தினமும் போகிறவருக்குத் தெரியாதா, நாம் ஜெபித்துக்கொள்வோம் சிஸ்டர் என்றார். நகராட்சி ஆபீசில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, சனிக்கிழமை யார் எடுப்பார்கள்? கடைசியாக அக்காவிடம் போனேன். அவள் டம்ளர்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். "எட்டு மாசம் அவர் எப்படி உட்கார்ந்திருந்தார்னு நீயும்தானே பார்த்தே? நாளைக்கு ஒரு நாள் எதுவும் சொல்லிக் கெடுத்துடாதே" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை என்னை நானே மன்னிக்காத இடம் அது.

ஞாயிறு காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நான் எழுவதற்குள் அக்கா சபை வேனில் டீச் சாமான்களோடு மறுபக்க ரோடு வழியாகச் சமதளத்துக்குப் போய்விட்டிருந்தாள். அவளை இறக்கிவிட்டு, நாற்காலி எடுக்க வேன் திரும்பிவிட்டது. நாங்கள் நாற்பத்து மூன்று பேர் இந்தப் பக்கமாக நடந்தோம், அதில் பதினோரு குழந்தைகள். அத்தான் முன்னால், புதுச்சட்டையில். பாடம் நடந்த ஒவ்வொரு இடத்திலும் நின்று போட்டோ எடுத்தார்கள். சாய்ந்த மரங்களைக் காட்டி ஒரு அம்மா தன் மருமகளைப் பார்த்து, தாழ்மையைப் பார்த்தாயா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் கடைசியில் வந்தவள், ஒவ்வொருவராகத் தாண்டி முன்னால் போனேன்.

வளைவு வந்தது. பிரதர் உட்கார்ந்தது. ஒரே ஆரவாரம். பதினேழாம் பாடம், பதினேழாம் பாடம் என்று கை தட்டினார்கள். இதைப் பார்க்கத்தானே வந்தார்கள்? எல்லார் போனும் நாயின் மேல் இருந்தது. அத்தான் சிரித்துக்கொண்டே கயிற்றை ஒரு இழு இழுத்தார். நாய் நான்கு கால்களையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு நடுங்கியது.

அப்போது அவர் பாறையிடுக்கைப் பார்த்தார். ஊற்று நின்றுபோயிருந்தது. ஈரக்கறை மட்டும் இருந்தது. காலை முன்னால் வைத்து விரிசலை அளந்தார். ஷூ முழுவதும் உள்ளே போனது. காற்றே இல்லை, ஆனால் மேலேயிருந்து பொடிக் கற்கள் உருண்டு வந்துகொண்டிருந்தன. திரும்பி என்னைத்தான் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இன்னைக்குப் பாடம் இல்லை. எல்லாரும் திரும்புங்க" என்றார்.

பாஸ்டரின் முகம் மலர்ந்தது. "ஆமென். கேட்டீங்களா? திரும்புங்கள். மனந்திரும்புதல். இதைவிடப் பெரிய பாடம் என்ன இருக்கு?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். ஆமென், ஆமென் என்று பின்னால் பரவியது. ஒருவர் பையிலிருந்து பேனா எடுத்து எழுதிக்கொண்டார்.

அத்தான் கத்தினார். இது பாடம் இல்லை, மலை இறங்குகிறது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றார். எங்கள் சபையில் அடிக்கடி சின்னச் சின்ன நாடகம் போடுவார்கள், கடைசிக் காலம் வந்துவிட்டது என்று ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவருவார். அப்படி ஒன்றைத்தான் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். நானும் கத்தினேன். நான் கத்தியதும் அது நாடகம்தான் என்று உறுதியாகிவிட்டது. மாஸ்டர் எவ்வளவு தத்ரூபமாகச் செய்கிறார் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு பெண் பாட்டுக்கூட ஆரம்பித்தாள்.

ஐம்பது வாரம் எதைச் சொன்னாலும் அதற்குள் வேறொன்றைத் தேடச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அவர். நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அவர் பாஸ்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பாதையில் கீழே தள்ளினார். பாஸ்டர் விழுந்தார், மூக்குக்கண்ணாடி உடைந்தது, நெற்றியில் ரத்தம். அதைப் பார்த்த பிறகுதான் பாட்டு நின்றது. அத்தான் நாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அது வந்த வழியே பறந்தது. குழந்தைகள் நாயின் பின்னால், தாய்மார்கள் குழந்தைகளின் பின்னால், மற்றவர்கள் தாய்மார்களின் பின்னால் ஓடினார்கள்.

அவர் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினார், அக்காவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே. நானும் பின்னால் ஓடினேன். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏன் கத்துறீங்க? டீ இன்னும் கொதிக்கலை."

சத்தம் பெரிதாக இல்லை. மரங்கள் முறியும் ஒலி, பிறகு லாரியில் ஜல்லி கொட்டுவதைப் போல ஒன்று, நிற்காமல். தூசி அடங்கியபோது வளைவுக்கு அப்பால் பாதை இல்லை, பெஞ்சு இல்லை, சமதளமே இல்லை. விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி அத்தான் நின்றிருந்தார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தேன் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர்களைத் திருப்ப நாலு நிமிஷம் ஆனது. வளைவிலிருந்து சமதளத்துக்கு இரண்டு நிமிஷ நடை. இந்தக் கணக்கை அத்தான் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் என்னிடம் இல்லை, அக்காவைத் தோண்டி எடுக்க வந்த ஆட்களிடம். அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு சாட்சிக் கூட்டம் வைத்தார்கள். நாற்பத்து மூன்று பேரைத் தேவன் ஒரு நாயைக் கொண்டு காப்பாற்றினார் என்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். அழுதுகொண்டுதான் சொன்னார்கள், பொய் இல்லை. அத்தான் நாலு பேர் சொல்லும்வரை கேட்டார், பிறகு எழுந்து வெளியே போனார். அன்று மாலை பாஸ்டர் உடைந்த கண்ணாடியில் ஒட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார், ஆனால் சொல்லவில்லை. நீங்கள் சொன்னது என் காதிலேயே ஏறவில்லை மாஸ்டர் என்று மட்டும் சொல்லி, அக்கா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அந்த மனிதரை என்னால் வெறுக்க முடியவில்லை. வெறுக்க ஆரம்பித்தால் முதலில் என்னிடம்தான் வர வேண்டும்.

சரிவை ஆராய வந்த இன்ஜினியர் ஒரு கடிதம் அனுப்பினார். அந்தப் பாதையில் தொடர்ந்து நடந்தவர்கள் பார்த்ததை எழுதித் தரும்படி கேட்டிருந்தார். எங்கள் ஊரிலேயே அந்த மலைக்கு இன்னும் இரண்டு சரிவுகள் இருக்கின்றன, கீழே வீடுகள் இருக்கின்றன. அத்தான் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் நோட்டுகளை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். நான் தட்டத் தட்ட, ஒவ்வொரு தேதியாகச் சொன்னார். விரிசல் அரை விரல். விரிசல் ஒரு விரல். தண்ணீர் கலங்கல். பாடம் எழுதிய இடம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவார். பதினேழாம் பாடத்தின் தேதி தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "நாய் வரவில்லை. நான் இழுத்தேன்."

முப்பத்து நான்கு முறை சொன்னார், முப்பத்து நான்கு முறை அடித்தேன். ஒரு இடத்தில், ஒருமுறை எழுதினால் போதாதா அத்தான் என்று கேட்டேன். "சுருக்காதே" என்றார்.

பதினோரு பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டார். அவர் கீழே போனபிறகு, அவர் கையெழுத்துக்கு அடியில் நான் இன்னொரு வரி சேர்த்தேன். மேலே உள்ள அளவுகள் அனைத்தும் அந்தந்த வாரமே என் கைக்கு வந்தன, அச்சில் வராமல் நீக்கியது நான் என்று அடித்து, என் பெயரை எழுதி, உறையில் போட்டு ஒட்டினேன்.